கரிசல் நிலத்தில் ஒரு வாழை

நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையிலிருந்து, இரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டில் பிறந்த திருச்சுழிக்குச் செல்லும் வழியில் நின்று இருபுறமும் நோக்குங்கள். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கரிசல் நிலம் பரந்து கிடப்பதைக் காண்பீர்கள். மழை பெய்தபின் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் பயறு வகைகளும் அந்நிலத்தில் தலைகாட்டும். வரப்புகளிற் பனைகள் நிற்கும். தரிசுகளிற் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் குண்டாறு, மற்றை நாள்களில் மணலாகக் கிடக்கும். இந்நிலப்பரப்பில் வாழைத் தோட்டம் எளிதிற் கண்ணிற் படுவதில்லை.

ஆயினும், வாழையின்றி இப்பகுதியில் எந்த நற்செயலும் நடைபெறுவதில்லை. திருமணப் பந்தலின் வாயிலிற் குலை தள்ளிய வாழைகளைக் கட்டுகிறோம். விருந்தினர்க்கு வாழையிலையில் உணவு படைக்கிறோம். வழிபாட்டுக்குப் பழம் வைக்கிறோம். மல்லிகை தொடுப்பதற்கு வாழைநாரைப் பயன்படுத்துகிறோம். தண்டும் பூவும் காயும் கறியாகின்றன. இவையெல்லாம் தாமிரவருணிக் கரையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் வண்டிகளில் ஏறி நம் சந்தைகளுக்கு வருகின்றன. ஆதலால் இவ்வூர்ச் சிறுவர்கள் வாழைப்பழத்தை நன்கு அறிவர். வாழை வளரும் வகையை அறிந்தவர் சிலரே. அதனை இப்பாடத்திற் காண்போம்.

“வாழையைப் பயிரிட எதனை விதைக்க வேண்டும்?” என்று கேட்டால், “விதையை” என்று விடை கூறுவோர் பலர். வேம்புக்கு விதை உண்டு. பனைக்குக் கொட்டை உண்டு. பருத்திக்கும் விதை உண்டு. எனவே வாழைக்கும் விதை இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நாம் உண்ணும் வாழைப்பழத்தை நீளவாக்கிற் பிளந்து பாருங்கள். நடுவிற் சிறு கரும்புள்ளிகள் மட்டுமே தோன்றும். அவை விதைகள் அல்ல. விதைகளாக வளரவேண்டியவை வளராமல் நின்றுபோனதன் அடையாளங்கள். அவற்றை மண்ணில் இட்டால் முளைக்கமாட்டா. அங்ஙனமாயின் வாழை எதிலிருந்து தோன்றுகிறது? இவ்வினாவுக்கு விடை காணும் முன்னர், வாழையின் உடலமைப்பை அறிந்துகொள்ளுதல் நலம்.

நாம் வாழையை மரம் என்று அழைக்கிறோம். உண்மையில் அது மரம் அன்று. மிகப் பெரிய செடியே ஆகும். வேம்பையோ புளியையோ வெட்டினால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டையைக் காணலாம். வாழையைக் குறுக்கே வெட்டினால் கட்டை எதுவும் இராது. ஒன்றையொன்று தழுவிய வெள்ளிய மடல்களும், அவற்றினுள் தேனடை போன்ற சிறு சிறு காற்றறைகளுமே காணப்படும். ஒவ்வொரு மடலும் ஓர் இலையின் அடிப்பகுதி. மடல்கள் பல ஒன்றனுள் ஒன்றாக இறுகச் சுருண்டு தண்டுபோல் நிற்கின்றன. ஆதலின் இதனைப் பொய்த்தண்டு என்பர்.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். எழுதிக் கழித்த தாள்கள் பத்தினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டுங்கள். அதன்மேல் அடுத்த தாளைச் சுற்றுங்கள். இவ்வாறு பத்தையும் சுற்றிவிட்டால் அக்குழல் மேசைமீது தானாகவே நிமிர்ந்து நிற்கும். தனித்தாள் நில்லாது, பல தாள் சேர்ந்தால் நிற்கும். வாழையும் இவ்வாறே நிற்கிறது.

மெய்யான தண்டு எங்கே உள்ளது? அது மண்ணுக்குள் உருண்டு திரண்ட கிழங்காக இருக்கிறது. கிழங்கின் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கயிறு போன்ற வேர்கள் புறப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. இதனால் வாழைக்கு இரண்டு குறைகள் உண்டாகின்றன. மேல்மண் காய்ந்தால் அதற்கு நீர் கிடைப்பதில்லை. பெருங்காற்று அடித்தால் அது நிலைபெற்று நிற்பதும் இல்லை. ஆகவேதான் குலை தள்ளிய வாழைக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகின்றனர்.

கிழங்கின் நடுவேயுள்ள வளர்முனையிலிருந்து இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. புதிய இலை பொய்த்தண்டின் நடுவே புகுந்து, சுருட்டிய பாயைப்போல் மேலே வருகிறது. இதுவே குருத்து. அது சில நாள்களில் விரிந்து அகன்ற இலையாகிறது. வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாள்களுக்கு ஓர் இலை வெளிவரும். குலை தள்ளுவதற்கு முன்பாக ஒரு வாழை முப்பது முதல் நாற்பது இலைகள்வரை விடும். அவற்றுள் மூத்தவை பழுத்துச் சருகாகும். இளையவை மேலே விரியும்.

ஆடி மாதக் காற்றில் வாழையிலைகள் கிழிந்து தோரணம்போலத் தொங்குவதைப் பார்த்து வருந்தாதீர்கள். நடு நரம்பிலிருந்து ஓரம்வரை இணையாகச் செல்லும் சிறு நரம்புகளின் இடையே இலை கிழிகிறது. கிழிந்த இடைவெளி வழியே காற்றுப் புகுந்து செல்வதால் செடி முழுதும் சாயாமல் தப்புகிறது. கிழிந்த இலையும் தன் பணியைச் செய்துகொண்டே இருக்கும்.

நட்ட சில மாதங்களுக்குப் பின்னர், மண்ணுக்குள் இருக்கும் வளர்முனையில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. இதுகாறும் இலைகளைத் தோற்றுவித்த அம்முனை, இப்போது பூவைத் தோற்றுவிக்கத் தொடங்குகிறது. வெளியே நிற்கும் நமக்கு இது தெரிவதில்லை. குலையில் எத்தனைச் சீப்புகள் இருக்கும் என்பது பெரும்பாலும் இந்நாள்களிலேயே உறுதியாகிறது. அப்பொழுது நீரும் எருவும் குறைந்தால், பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினும் சீப்புகளின் எண்ணிக்கை கூடாது. கண்ணுக்குத் தெரியாத காலத்திற் செய்யும் பணியே கண்ணுக்குத் தெரியும் பயனை அளிக்கிறது.

பூவைத் தாங்கிய மெய்த்தண்டு பொய்த்தண்டின் நடுவே உயர்ந்து வருகிறது. நாம் கறி சமைத்து உண்ணும் வாழைத்தண்டு இதுவே. முதலில் வழக்கமான இலைகளினும் சிறிய இலை ஒன்று தோன்றும். அதன்பின் செம்மை கலந்த ஊதா நிறமுடைய பெரிய மொட்டு வெளிப்பட்டு, தன் பளுவால் கீழ்நோக்கி வளையும். மொட்டின் மடல்கள் நாள்தோறும் ஒவ்வொன்றாக மேல்நோக்கிச் சுருண்டு உதிரும். ஒவ்வொரு மடலின் கீழும் இரண்டு வரிசையாகப் பூக்கள் அமைந்திருக்கும். ஒரு மடலின் கீழுள்ள பூக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சீப்பாகின்றன. முதலில் வரும் மடல்களின் கீழ் இருப்பவை பெண்பூக்கள், அவையே காய்களாகின்றன. இறுதியில் வருவன ஆண்பூக்கள். அவை காயாகாமல் உதிர்ந்துவிடும். ஆதலால் கடைசிச் சீப்பு வெளிப்பட்டபின், எஞ்சிய மொட்டை ஒடித்துக் கறிக்குப் பயன்படுத்துவர். இதனாற் குலைக்கு இழப்பில்லை.

இளங்காய்கள் முதலில் நிலத்தை நோக்கியிருக்கும். பின்னர் மெல்ல மெல்ல வளைந்து வானை நோக்கித் திரும்பும். தொங்கும் குலையில் காய் மேல்நோக்கி வளர முயல்வதாலேயே வாழைக்காய்க்கு அந்த வளைவு உண்டாயிற்று. பூ வெளிப்பட்டு மூன்று அல்லது நான்கு திங்களில் காய்களின் விளிம்புகள் மழுங்கி உருட்சி பெறும். அப்போது குலையை வெட்டலாம். நட்டதிலிருந்து வெட்டுவதற்குப் பதினொன்று முதல் பதினான்கு திங்கள்வரை ஆகும்.

இனி, விதையில்லாமற் காய் உண்டாவது எவ்வாறு என்பதைக் காண்போம். பெரும்பாலான செடிகளில் மகரந்தம் சேர்ந்தால்தான் பூ காயாகும். நாம் பயிரிடும் வாழையில் மகரந்தம் சேராமலேயே காய் பருத்துவிடுகிறது. மேலும், உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருத்தல் பெரும்பாலான உயிர்களின் இயல்பு. நம் வாழை வகைகள் பலவற்றில் மூன்று தொகுதிகள் உள்ளன. விதை உண்டாவதற்கு அவை இரு சம பங்குகளாகப் பிரிய வேண்டும். மூன்று மாம்பழங்களை அறுக்காமல் இருவருக்குச் சமமாகப் பங்கிட இயலுமா? இயலாதன்றோ? அதுபோலவே இம்மூன்றும் சமமாகப் பிரிய இயலாமையால் விதை உண்டாவதில்லை.

காட்டு வாழைகளில் விதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் காட்டு வாழையின் பழத்தைப் பிளந்தால், கல்போன்ற கரிய விதைகள் நிறைந்திருக்கும். சதை சிறிதே இருக்கும். பண்டை மக்கள் விதை குறைந்த வாழைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கன்றுகளை மட்டும் நட்டுப் பெருக்கினர். நியூகினித் தீவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. இன்று உலகில் மிகுதியாக வாழைப்பழம் விளைவிக்கும் நாடு இந்தியாவே ஆகும்.

விதையில்லாத வாழை கன்றினாலேயே பெருகுகிறது. கிழங்கின் பக்கங்களில் உள்ள கண்கள் முளைத்துக் கன்றுகளாகின்றன. அவை இரு வகைப்படும். ஈட்டி முனைபோலக் குறுகிய இலைகளும் பருத்த அடியும் உடையவை ஈட்டிக் கன்றுகள். தொடக்கத்திலேயே அகன்ற இலைகளை விரித்து, அடியில் வலுவின்றி இருப்பவை நீர்க்கன்றுகள். பார்வைக்கு நீர்க்கன்றே செழிப்பாகத் தோன்றும். ஆயினும் உழவர் ஈட்டிக் கன்றையே தேர்ந்து நடுவர். தாய் வாழை ஒருமுறை மட்டுமே குலை தள்ளும். குலையை வெட்டியபின் அது மடிந்துபோகும். அதற்குள் அதன் அருகே கன்று வளர்ந்து நிற்கும். அக்கன்று வளர்ந்து தாயாகும். இதனைக் கண்டே நம் முன்னோர் ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்தினர்.

இம்முறையில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. கன்று தாயின் இயல்பை அப்படியே பெற்றிருப்பதால் பழத்தின் சுவை மாறாது. ஆனால் தாயைத் தாக்கும் நோயைக் கன்றாலும் எதிர்க்க இயலாது. நடு அமெரிக்க நாடுகளில் ‘குரோ மிசெல்’ என்னும் ஒரே வகை வாழையைப் பல்லாயிரம் ஏக்கரில் நட்டிருந்தனர். மண்ணில் வாழும் பூசணம் ஒன்றால் உண்டாகும் வாடல் நோய் அத்தோட்டங்களை அழித்தது. 1960-களின் தொடக்கத்துக்குள் வாணிகத்துக்கு வேறொரு வகையைத் தேட வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் தாக்கியது. செடிப்பேன் வழியாகப் பரவும் அந்நோயால் கீழ்ப்பழனி மலையில் அவ்வாழையின் பரப்புப் பெரிதும் சுருங்கியது. பின்னர், நோயற்ற வளர்முனையை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கன்றுகளாக்கும் திசு வளர்ப்பு முறையால் அதனை மீட்க முயன்றனர். திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வுகளைச் செய்து வருகிறது. ஆகவே கன்று பெறும்போது, நோயற்ற தாயினின்று பெறுதல் இன்றியமையாதது.

நிற்க. நம் கரிசல் நிலத்தில் வாழை மிகுதியாக இல்லாமைக்குக் காரணம் யாது? மண் வளமற்றது என்று எண்ணிவிட வேண்டா. கரிசல் மண் வளமுள்ளது. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்க வல்லது. குறை நீரிலேயே உள்ளது. இதனை ஒரு கணக்கினால் அறியலாம்.

வாழைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டியே பெய்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு வாழைக்கு 1.8 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள இடத்தை ஒதுக்குவதாகக் கொள்வோம். அதன் பரப்பு 3.24 சதுர மீட்டர். அவ்வாழைக்கு வேண்டிய நீர் ஏறத்தாழ 5,800 லிட்டர். அவ்விடத்தில் மழையாற் கிடைப்பது ஏறத்தாழ 2,600 லிட்டர். எஞ்சிய 3,200 லிட்டர் நீரை நாமே அளிக்க வேண்டும். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் இஃது இருநூறு குடங்களுக்கு மேலாகும். பெய்யும் மழையும் ஒரு சொட்டு வீணாகாது நிலத்தில் நின்றால்தான் இக்கணக்குப் பொருந்தும்.

இதே கணக்கின்படி ஓர் ஏக்கர் வாழைக்கு 40 லட்சம் லிட்டர் நீர் குறைபடுகிறது. ஆற்றுப் பாசனமுள்ள ஊரில் அந்நீரை ஆறு தருகிறது. நம் ஊரில் அதனைத் தரவேண்டியவை கண்மாயும் கிணறுமே. ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டி இடைவிடாது இறைத்தால், அயலார் கிணற்று நீர்மட்டமும் தாழக் கூடும். குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் ஊரில், ஒரு குலை வாழையின் விலையைப் பணத்தால் மட்டும் அளத்தல் தகாது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களையே சிறப்பாக ஆராய்வதும் இவ்வுண்மை கருதியே ஆகும். நீர் உள்ள அளவுக்கே வாழை வைத்தல் அறிவுடைமை.

அவ்வாறாயின் நம் ஊர்ச் சிறுவர்கள் வாழை வளர்வதைக் காணவே முடியாதா? முடியும். வீட்டுப் புறக்கடையிற் பாத்திரம் கழுவும் இடத்தருகே வாழை வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். வளர்ந்த வாழைக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர் போதும். நாற்பது மாணவர் பயிலும் பள்ளியில், நண்பகல் உணவுக்கு முன் ஒவ்வொருவரும் அரை லிட்டர் நீரால் கைகழுவினால் 20 லிட்டர் ஆகிறது. வீணே ஓடி மண்ணிற் சுவறும் அந்நீர் ஒரு வாழையை வாழ்விக்கும்!

ஆனித் திங்களில், பள்ளி திறந்தபின், கைகழுவும் இடத்துக்கு அருகில் ஒன்றரை அடி நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழி தோண்டுங்கள். மக்கிய தொழுவுரத்தை மண்ணுடன் கலந்து இடுங்கள். ஓரளவு வறட்சியைத் தாங்கும் கற்பூரவல்லி அல்லது மொந்தன் வகையின் ஈட்டிக் கன்றை நடுங்கள். சவர்க்காரம் மிகுந்த நீரையும் உப்புநீரையும் விடாதீர்கள். வாழை உப்பைத் தாங்காது. ஐப்பசி மழையில் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலால் வடிகால் அமையுங்கள். காய்ந்த சருகுகளை அடியிற் பரப்புங்கள். அவை ஈரத்தைக் காக்கும். கரிசல் மண் வெடித்து வேர் அறுபடுவதையும் குறைக்கும். பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அவ்வப்போது நீக்குங்கள். ஒவ்வோர் இலையும் விரியும் நாளை ஓர் ஏட்டிற் குறித்து வாருங்கள்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. ஆனியில் நட்ட வாழை மாசி, பங்குனியை ஒட்டிக் குலை தள்ளும். காய் பருக்கும் காலம் கோடைக் காலமாக அமையும். அப்போதுதான் அதற்கு நீர் மிகுதியாக வேண்டும். அப்போதுதான் பள்ளிக்கும் விடுமுறை. பத்துத் திங்கள் காத்த வாழையை இரண்டு திங்கள் மறந்தால் காய்கள் விரல்போல மெலிந்து நின்றுவிடும். ஆதலால் விடுமுறை தொடங்குமுன், யார் எந்நாளில் நீர் ஊற்றுவது என்று முறை வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் கொண்டுவந்து ஊற்றலாம். இம்முறையைத் தவறாது காப்பவர்க்கே குலை கிட்டும்.

வரப்பில் நிற்கும் பனை பல்லாண்டு காத்திருந்தே பயன் தரும். மழை பொய்த்தாலும் தளராது. வாழை ஓராண்டிற் பயன் தரும். நாள்தோறும் நம் துணையை வேண்டி நிற்கும். இரண்டும் நமக்கு உரியனவே. எந்த நிலத்தில் எதனை எவ்வளவு வளர்ப்பது என்று அறிதலே உழவின் முதற் பாடம்.

அடுத்த ஆண்டு நீங்கள் மேல்வகுப்புக்குச் செல்வீர்கள். குலை தந்த தாய் வாழையும் சாய்ந்துவிடும். ஆனால் அதன் அருகே கன்று நிற்கும். அதற்கு நீர் ஊற்ற உங்கள் தம்பி தங்கையர் வருவர். நீங்கள் எழுதிய ஏட்டை அவர்களிடம் கொடுத்துச் செல்லுங்கள். கன்றோடு அறிவும் வாழையடி வாழையாகத் தழைக்கும்.